கியர் உள்ள வண்டி

1

போன சனிக்கிழமை ஒரு பெண்ணிடம் தேவையில்லாமல் குரலை உயர்த்திவிட்டேன். அவர் செய்ததெல்லாம் ஒரு படிவத்தில் தப்பான கட்டத்தில் டிக் அடித்ததுதான்.

நான் இருப்பது இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்தில். ஊர் ஓரத்தில் மூடிக் கிடக்கும் ஒரு கிடங்குக்கு முன்னால் வாரக்கடைசியில் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் கருவிகள் பழுதுபார்ப்பது என் வேலை. இந்த மாதம் முதல் எனக்கு விடிகாலை ஷிப்ட். அந்த நேரத்துக்கு எங்கள் தெருப் பக்கம் பஸ் கிடையாது. இருக்கிற ஒரு காரில் கணவர் பீட்டர் வேறு திசையில் போகிறார். அதனால் ஒரு சின்ன மோட்டார் சைக்கிள் வாங்குவதென்று முடிவுசெய்தோம்.

ஊரில் மூன்று வருஷம் மோட்டார் சைக்கிள் ஓட்டியவள் நான். ஆனால் நம் ஊர் லைசென்ஸ் இங்கே ஒரு வருஷம்தான் செல்லும். அதற்குப் பிறகு இவர்கள் கணக்கில் நான் எதையுமே ஓட்டாதவள், எல்.எல்.ஆரில் இருந்து தொடங்க வேண்டும். அதற்குப் போட்ட விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்தது. ஜி. ஜெசிந்தா என்று எழுதியிருந்தேன். 'ஜி என்றால் என்ன, குடும்பப் பெயரைக் காணோம்' என்று கேட்டிருந்தார்கள். ஜி என்றால் அப்பா. ஞானப்பிரகாசம் என்று முழுதாக எழுதி அனுப்பினேன். இப்போது இந்த நாட்டு லைசென்ஸில் என் பெயருக்குப் பின்னால் அப்பா உட்கார்ந்திருக்கிறார்.

பயிற்சி இடத்துக் கொட்டகையில் பெயர் எழுதிக்கொண்ட பெண் என்னை நிமிர்ந்து ஒருமுறை பார்த்தார். எதுவும் கேட்காமல் 'கியர் இல்லாத ஸ்கூட்டர்' என்ற கட்டத்தில் டிக் அடித்தார். நான் அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்து, "இல்லை. கியர் உள்ள வண்டி" என்றேன்.

"ஸ்கூட்டர் உங்களுக்குச் சுலபமாக இருக்கும், லவ்" என்றார். இங்கே முன்பின் தெரியாதவர்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். முதல் வருஷம் ஒரு பஸ் டிரைவர் அப்படிக் கூப்பிட்டதும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தவள் நான். இப்போது அது பழகிவிட்டது. ஆனாலும் "கியர் உள்ள வண்டி என்று எழுதுங்கள்!" என்று கத்தினேன். கொட்டகையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஐந்து வயது மகள் ரீனா பீட்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

காரில் வரும்போது, "மம்மி ஏன் கோபப்பட்டாங்க?" என்று ரீனா இங்கிலீஷில் கேட்டாள். அவளுக்கு அதுதான் வருகிறது. நான் தமிழில் பதில் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். கோபம் அந்தப் பெண் மேல் இல்லை. யார் மேல் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

2

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே இல்லை. அப்பா ஆவடியில் பாதுகாப்புத் துறை தொழிற்சாலையில் சுமை தூக்கும் வேலை. திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறியவர். அவருக்கும் அம்மாவுக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. என் பெயரின் முதல் எழுத்தை நான் கற்றுக்கொண்ட அதே வாரத்தில், சம்பளத் தாளில் கையெழுத்துப் போட அவரும் தன் பெயரை வரையக் கற்றுக்கொண்டார். மற்ற எல்லாத் தாளையும் நான்தான் படித்துச் சொல்வேன். எட்டாவது படிக்கும்போதே குவார்ட்டர்ஸில் பாதி வீடுகளுக்குப் படிவம் நிரப்பியிருக்கிறேன்.

பாலிடெக்னிக் முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் எடை இயந்திரம் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். பெண்களுக்கு உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து செய்கிற வேலைதான். வெளியே கடைகளுக்கும் ஆலைகளுக்கும் போய் இயந்திரங்களைச் சரிபார்க்கும் சர்வீஸ் வேலைக்கு ஆண்கள் மட்டும் போவார்கள். சம்பளம் அதில் அதிகம், மரியாதையும் அதிகம். பூந்தமல்லி ரூட்டைப் பார்த்தவர் விலகியபோது நான் மேனேஜர் முன்னால் போய் நின்றேன்.

"இருபது கிலோ எடைக்கல்லு ரெண்டு. டூல் பாக்ஸ் தனி. வேலப்பன்சாவடியில ஒரு கடை, பூந்தமல்லியில ஒரு மில்லுன்னு சுத்தணும். மொபெட்ல கட்டிக்கிட்டுப் போவியாம்மா?"

"மோட்டார் சைக்கிள்ல போறேன் சார்."

"ஓட்டுவியா?"

"ஓட்டுவேன் சார்."

அதுவரை சைக்கிளைத் தவிர எதையும் தொட்டதில்லை. மேனேஜர் சிரிக்கவில்லை. "வண்டி, லைசென்ஸ் ரெண்டையும் கொண்டாந்து காட்டு. ரெண்டு மாசம் டைம். அப்புறம் அந்த ரூட்டு வேற ஆளுக்கு" என்றார்.

3

மேனாம்பேட்டில் கன்னியப்பன் என்று ஒரு மெக்கானிக் இருந்தார். முப்பது வயது இருக்கும். அவர் ஷெட்டில் எப்போதும் விற்பனைக்கு இரண்டு மூன்று பழைய வண்டிகள் நிற்கும். அப்பாவும் நானும் போனோம்.

"இன்னா நைனா, யாருக்கு வண்டி? மாப்ளைக்கா?"

"எம்பொண்ணுக்கு."

கன்னியப்பன் கையைத் துடைத்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார். "தங்கச்சிக்கா? அப்ப சரி. மொதல்ல அத்தப் பாரு" என்று மூலையில் நின்ற பெரிய கறுப்பு வண்டியைக் காட்டினார். "அத்த சென்டர் ஸ்டாண்டு போட்டுடு. ஊட்டுக்கு ஓட்டிகினு போ, காசே வாணாம்."

போட்டுப் பார்த்தேன். இரண்டு கையாலும் இழுத்து, ஸ்டாண்டின் மேல் ஏறி நின்றும் வண்டி அசையவில்லை. பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு வந்து நின்றார்கள். "படிப்பெல்லாம் தூக்காதும்மா, சோறு துண்ணு வா!" என்று ஒருவர் சொன்னார். எனக்குக் காது சுட்டது.

இரண்டாவது வண்டி டூ ஸ்ட்ரோக். ஆக்சிலேட்டரைத் தொட்டதும் கயிற்றை அறுத்துக்கொண்ட கன்று மாதிரி முன்னால் பாய்ந்து சுவரில் முட்டியது. மூன்றாவதுதான் என் வண்டி. சிவப்பு டேங்க், நூறு சி.சி., ஃபோர் ஸ்ட்ரோக். குவார்ட்டர்ஸிலேயே ஒருவர் வைத்திருந்தது. அவருக்கு வடக்கே மாற்றலாகி இருந்தது. ஏறி உட்கார்ந்ததும் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பட்டன.

"அதான் கணக்கு" என்றார் கன்னியப்பன். இப்போது அவர் கிண்டல் செய்யவில்லை. "வண்டி நின்னுச்சுன்னா உன் காலுதான் ஸ்டாண்டு. காலு எட்டாத வண்டிய எவன் சும்மா குட்தாலும் வாங்காத."

பின்சக்கரத்தின் இடப்பக்கம் சாரி கார்டு இருந்தது. பின்னால் உட்காரும் பெண்ணின் சேலை சக்கரத்தில் மாட்டாமல் இருக்க வைக்கும் கம்பித் தடுப்பு. முன்னால் உட்காரும் பெண்ணை நினைத்து அந்த வண்டியில் எதுவுமே செய்திருக்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

பிறகு என் நேரம் வந்தது. ஆர்.சி. புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்திலிருந்து சத்தமாகப் படித்தேன். என்ஜின் நம்பரைக் குனிந்து சரிபார்த்தேன். சேஸிஸ் நம்பரின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, தாளில் எழுந்து வந்த எண்களைப் புத்தகத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். இன்ஷூரன்ஸ் தேதியைப் பார்த்தேன். பெயர் மாற்றும் படிவங்களில் வெறும் கட்டம் எதையும் விடாமல் நிரப்பச் சொன்னேன்.

"போலீஸ்ல சேந்துடு தங்கச்சி" என்றார் கன்னியப்பன்.

அப்பா டீக்கடைக்காரர்கள் காது கேட்கச் சொன்னார். "எம்பொண்ணு படிக்காம எதுலயும் கையெழுத்து வைக்காது."

4

பாரிவாக்கத்தில் அப்போதுதான் வயல்களை மட்டப்படுத்தி, மனை பிரித்துக் கல் நட்டிருந்தார்கள். வீடு ஒன்றுகூட இல்லை. சாயங்காலம் ஆறு மணி வரை அதுதான் என் மைதானம். இரண்டு மனைக்கல்லைச் சுற்றி எட்டு போட்டுப் பழகினேன். எடைக்கல்லுக்குப் பதிலாக அப்பா பின்னால் உட்கார்ந்துகொள்வார். "நாப்பது கிலோவுக்கு மேலயே இருக்கேன், தைரியமா ஓட்டு" என்பார். சாரி கார்டை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார்.

நேராகப் போவது ஒரு வாரத்தில் வந்துவிட்டது. எட்டுதான் வரவில்லை. திரும்பும்போது கிளட்சை முழுசாக விட்டால் வண்டி பாயும். முழுசாகப் பிடித்தால் சாயும். ஒருநாள் சாய்ந்தே விட்டது. அப்பாவின் முழங்கால் மனைக்கல்லில் அடித்து, வேட்டியில் ரத்தம் வந்தது. அவர் எழுந்து முதலில் வண்டியைத் தூக்கினார். "இண்டிகேட்டர் போச்சு. உனக்கு ஒண்ணும் இல்லியே?" என்றார். அன்றிலிருந்து எட்டு என்றாலே எனக்குப் பயம். இதை அவரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. இன்றைக்கும் விருந்தாளிகளுக்கு அப்பா அதைச் சொல்வார். டிரைவிங் ஸ்கூல் ஏஜென்ட் ஒருவன் படித்த பெண்ணையே ஏமாற்றி, மொபெட் லைசென்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டான் என்பது கதை. நடந்தது வேறு.

டெஸ்ட் அன்று காலை ஆர்.டி.ஓ. மைதானத்தில் சுண்ணாம்புத் தூளில் பெரிய எட்டு போட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் போனவர் நல்ல உயரமான ஆள். பாதியில் காலை ஊன்றிவிட்டார். இன்ஸ்பெக்டர் பேனாவால் 'போ' என்று காட்டினார். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே போகும்போது கூட்டம் விசில் அடித்தது. என் கை ஹேண்டில்பாரில் நிற்கவில்லை.

ஏஜென்ட் அதைப் பார்த்துவிட்டார். வெற்றிலை போட்ட வாய், நாற்பது வயது, நீலச் சட்டை. "இன்னாமா கை இப்டி ஆடுது? எங்க மொபெட்டு சும்மாதான் கீது. கியரு கெடையாது, கிளட்சு கெடையாது. ஒரு ரவுண்டு உட்டுட்டுப் போய்க்கினே இரு."

"அப்ப லைசென்ஸ்ல கியர் இல்லாத வண்டின்னுதானே எழுதுவாங்க?"

"ஆமா. அப்டிதான் எய்துவாங்கோ. தெரிஞ்சிக்கோ, அப்பால என்னாண்ட கேக்காத. ஆனா லேடீஸ எவன் நிறுத்திப் பாக்கப் போறான்?"

அவர் சொல்லிவிட்டார். தெளிவாகச் சொல்லிவிட்டார். எனக்கும் தெரிந்தே இருந்தது. படிவத்தை அவர் நீட்டினார். அதில் இருந்த ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிந்தது. கையெழுத்துப் போட்டேன்.

நான் மொபெட்டில் ஏறுவதைப் பார்த்து அப்பா மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி ஓடிவந்தார். "ஏம்மா, நம்ம வண்டி அங்க நிக்குது. இதுல ஏன் ஏறுற?"

"இதுதான் ரூலுப்பா" என்றேன்.

உடனே விலகி நின்றுகொண்டார். நான் படித்துச் சொன்னால் அவருக்கு அதற்குமேல் கேள்வி கிடையாது.

5

மேனேஜர் அந்தச் சின்னப் புத்தகத்தை விரித்து, ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார். லேடீஸை எவனும் பார்க்க மாட்டான் என்பது அவருக்குத் தெரியாது போல.

"என்னம்மா இது? கியர் இல்லாத வண்டின்னு போட்டிருக்கு. நீ படிக்கலியா?"

"ஏஜென்ட் மாத்தி எழுதிட்டாரு சார்."

நான் யோசித்துச் சொன்னதில்லை. வாய் தானாகச் சொன்னது. படிக்கவில்லை என்பதைவிட, பயந்துவிட்டேன் என்பதைவிட, ஏமாற்றப்பட்டேன் என்பது கொஞ்சம் கௌரவமாகத் தோன்றியிருக்க வேண்டும்.

"வர்ற திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ணிக்கிட்டு வா. இல்லன்னா பெஞ்சுக்கே போயிடு" என்றார்.

வீட்டிலும் அதையே சொன்னேன். மறுநாள் காலை அப்பா அரை நாள் லீவு போட்டுவிட்டு, "வா" என்றார். எல்.எல்.ஆரில் கியர் வண்டி என்றுதான் இருந்தது, அதன் காலம் முடியவில்லை, மறுபடி டெஸ்டுக்குப் பணம் கட்டினால் போதும், ஏஜென்டிடம் போக வேண்டாம் என்றேன். அவர் நடந்துகொண்டே இருந்தார்.

ஏஜென்ட் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். அப்பா நேராகப் போய் அவருடைய சட்டைப் பையைப் பிடித்தார். மூட்டை தூக்கிய கை. பை பாதி கிழிந்து, உள்ளே இருந்த தாள்கள் தரையில் விழுந்தன.

"படிச்ச புள்ளையவே ஏமாத்துறியா? என்னைய மாதிரி கைநாட்டா இருந்தா என்னடா பண்ணுவ?"

"யோவ் பெர்சு, கைய எடுய்யா! உன் பொண்ணாண்டயே கேளு. நான் சொல்ட்டுதான்யா குட்தேன். தெரிஞ்சிதான் ஏறிச்சு."

கூட்டம் சேர்ந்துவிட்டது. ஏஜென்ட் என்னைப் பார்த்தார். "சொல்லுமா. சொன்னனா இல்லியா?"

அப்பா என் பக்கம் திரும்பியிருந்தால் நான் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் திரும்பவில்லை. கேட்க வேண்டியதாகவே அவருக்குத் தோன்றவில்லை. "எம்பொண்ணு படிச்சது. உன்ன மாதிரி பொய் சொல்லிப் பொழைக்கணும்னு அதுக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

நான் கீழே கிடந்த தாள்களைப் பொறுக்கினேன். ஏஜென்டிடம் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்த்தார். வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை டெஸ்ட். இந்த முறை சிவப்பு வண்டி. காலையில் கோயிலில் ஃபாதர் தீர்த்தம் தெளித்து அனுப்பினார். அதன் ஈரம்கூடக் காயவில்லை, மைதானத்தில் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். உதைத்தேன், கிளம்பவில்லை. மறுபடி உதைத்தேன். கூட்டத்தில் யாரோ, "தள்ளிகினே எட்டு போடுமா!" என்று கத்தினார்கள். மூன்றாவது உதையில் வண்டி பிடித்தது. சுண்ணாம்புக் கோட்டில் இறங்கினேன். முதல் வளைவு சரியாக வந்தது. இரண்டாவது வளைவில் வண்டி சாயத் தொடங்கியது. மனைக்கல்லும் அப்பாவின் முழங்காலும் கண்முன் வந்தன. என் இடது கால் தானாகக் கீழே இறங்கியது.

"காலத் தூக்கு! கிளட்ச பாதி புட்ச்சிக்கோமா, பாதி! ஆன், அப்டியே உடு!"

குரல் யாருடையது என்று பார்க்காமலே தெரிந்தது. பாதி பிடித்தேன். தரையில் படுவதற்கு ஒரு விரற்கடை இருக்கையில் கால் மேலே வந்தது. வண்டி நிமிர்ந்தது. எட்டு முடிந்தது. இன்ஸ்பெக்டர் தலையை நிமிர்த்தாமல் எழுதினார்.

ஏஜென்ட் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அதே நீலச் சட்டை. பையை வெள்ளை நூலில் தைத்திருந்தார்கள்.

அப்பா என் காதருகே, "பாத்தியா, தப்புப் பண்ணவன் இப்ப நல்லவனாட்டம் கத்துறான்" என்றார். லைசென்ஸ் கைக்கு வந்ததும், "படி. எல்லாத்தையும் சத்தமாப் படி, அவனுக்கும் கேக்கட்டும்" என்றார். வெயிலில் நின்று படித்தேன். கியர் உள்ள மோட்டார் சைக்கிள் என்ற வரியை அப்பா இரண்டுமுறை படிக்கச் சொன்னார்.

"இப்ப கரீட்டா கீதாமா?" என்று ஏஜென்ட் கேட்டார். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

"சரியா இருக்கு" என்றேன். அவரிடம் நான் சொன்ன கடைசி வார்த்தை அதுதான்.

திங்கட்கிழமை பூந்தமல்லி ரூட் எனக்கு வந்தது. கல்யாணமாகி இங்கே வரும்வரை அதைப் பார்த்தேன். அந்த வேலையைக் காட்டித்தான் இங்கே இந்த வேலை கிடைத்தது.

6

நேற்று இங்கே பயிற்சி. மெல்லிய தூறல். பிளாஸ்டிக் கூம்புகளை வைத்து, சுற்றி எட்டு போடச் சொன்னார்கள். பயிற்சி கொடுப்பவருக்கு என் பெயர் வாயில் நுழையவில்லை. லைசென்ஸைப் பார்த்து, பின்னால் இருப்பதைச் சுருக்கி, "ஞானா! அடுத்தது ஞானா!" என்று மைதானம் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார். கியர் உள்ள வண்டிதான். கிளட்சைப் பாதி பிடித்தேன். கால் தரையைத் தொடவில்லை.

"எங்கே கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டார். இந்தியாவில் என்று சொன்னேன். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

நான் எழுதுகிற கடிதங்களை அப்பாவுக்குப் படித்துக்காட்டுவது பக்கத்து வீட்டு செலின் அக்கா. இந்தப் பத்திரிகையில் நான் எழுதுவதையும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவர்தான் படிப்பார். அப்பா அக்கம்பக்கத்தில் இருப்பவர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்வாராம். இந்த விஷயத்தைக் கடிதமாக நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். அந்த மனிதரைப் பொய்யன் என்று சொன்னது நாலு சுவருக்குள் இல்லை, ஊர் பார்க்க. அதனால் இதையும் ஊர் கேட்கவே எழுதுகிறேன். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. எல்லோரும் ஏஜென்ட் என்றுதான் கூப்பிட்டோம். இப்போதும் அந்த மரத்தடியில் நிற்கிறாரா என்று அப்பாதான் போய்ப் பார்க்க வேண்டும். போவார். எனக்குத் தெரியும்.

செலின் அக்கா, இதுவரை படிச்சிட்டீங்கன்னா இங்கே நிறுத்திடாதீங்க. அப்பா முகம் மாறினாலும் விடாம படிங்க. நாலாவது பகுதியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னா, அதையும் படிங்க.

அப்பா, அன்னைக்கி கயித்தைத் தாண்டி ஓடிவந்து கேட்டீங்களே, நம்ம வண்டி அங்க நிக்குது, இதுல ஏன் ஏறுறேன்னு. அது ரூல் இல்லப்பா. எனக்கு பயமா இருந்துச்சு.